மூன்று சென்சார் மாற்றியும் அணையாத விளக்கு

சென்ற ஆனி மாதத்தில், மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், திருவட்டாற்றுக்குக் கிழக்கே கல் குவாரி நடத்தும் ஒருவர் கைபேசியில் அழைத்தார். பாறை அள்ளும்போது தம் வண்டியின் இழுவை திடீரென்று குறைந்துவிடுகிறது, மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது, சாவியை அணைத்துப் போட்டால் வண்டி பழையபடி ஓடுகிறது என்றார். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த நிறுவனத்தின் எக்ஸ்கவேட்டரையும் ஹிட்டாச்சி என்றே சொல்வது வழக்கம். அவரும் அப்படித்தான் சொன்னார். போய்ப் பார்த்தபோது அது வேறொரு நிறுவனத்தின் இருபது டன் வண்டி. எனக்கு முன்பே ஒரு மெக்கானிக் வந்து மூன்று சென்சார்களை மாற்றியிருந்தார். செலவு முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"அண்ணே, இன்னும் ஒரு சென்சார் எர்ணாகுளத்துல இருந்து வரணுமாம். அதையும் போட்டா செரியாட்டு போயிருமா?"

திரையில் என்ன கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் எண், வந்தது என்று கேட்டேன். வந்ததையெல்லாம் மெக்கானிக் அழித்துவிட்டதாகச் சொன்னார். அழித்துவிட்டால் விளக்கு அணையும், ஆனால் பழுதைத் தேடிப் போவதற்கு இருந்த ஒரே தடமும் அதோடு போய்விடும். இனி விளக்கு எரிந்தால் எதையும் தொடாமல் திரையைப் படம் எடுத்து அனுப்புமாறு ஆப்பரேட்டரிடம் சொல்லச் சொன்னேன். அன்று பிற்பகலே வாட்ஸப்பில் படம் வந்தது. அதில் மூன்று எண்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன்; நான்கு இருந்தன.

பதினெட்டு ஆண்டுகளாக அழகியமண்டபம் பக்கத்தில் கனரக வண்டிகளுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். சென்சார் போய்விட்டது என்று சொல்லி என்னிடம் வரும் வண்டிகளில், உண்மையிலேயே சென்சார் போயிருப்பவை பாதிகூட இருப்பதில்லை. மற்றவற்றில் வயர் தேய்ந்திருக்கும், வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் தண்ணீர் போயிருக்கும், எர்த் பிடித்திருக்காது, அல்லது சென்சார் சொன்னது முழு உண்மையாகவே இருக்கும். வண்டியின் திரையில் வரும் எண், இன்ன சென்சாரைக் கழற்றி எறி என்று சொல்வதில்லை. இன்ன சென்சாருக்குப் போய்த் திரும்பும் மின்பாதையில் ஏதோ சரியில்லை என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. அந்தப் பாதையில் சென்சார் ஒரு முனை. அதற்கும் எஞ்சினை ஆளும் இசிஎம் பெட்டிக்கும் நடுவில் ஐந்தாறு அடி வயரும் இரண்டு மூன்று கப்ளர்களும் இருக்கின்றன. விலை அதிகமுள்ள முனையை முதலில் மாற்றுவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

படத்தில் இருந்த எண்களுக்கு வருகிறேன். கனரக வண்டிகளில் பெரும்பாலானவை ஜே1939 என்ற பொது முறையில் பேசுகின்றன. அந்த முறையில் ஒவ்வொரு கோடுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. எஸ்.பி.என். என்பது எதைப் பற்றிய புகார் என்பதையும், எஃப்.எம்.ஐ. என்பது எப்படிப்பட்ட புகார் என்பதையும் சொல்லும். எஸ்.பி.என். 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர், 102 என்றால் டர்போவிலிருந்து வரும் காற்றின் பிரஷரான பூஸ்ட், 94 என்றால் டீசல் வரும் பிரஷர். குவாரி வண்டியில் இந்த மூன்றும் எஃப்.எம்.ஐ. 4 உடன் வந்திருந்தன. நான்காவதாக 3509, அதற்கும் எஃப்.எம்.ஐ. 4. முன்பு வந்த மெக்கானிக் ஆயில் பிரஷர், பூஸ்ட், டீசல் பிரஷர் சென்சார்கள் மூன்றையும் வரிசையாக மாற்றியிருந்தார். 3509 என்ற எண்ணை அவர் விட்டுவிட்டதற்குக் காரணம், அந்தப் பெயரில் கடையில் வாங்க ஒரு பொருளும் இல்லை என்பதாகத்தான் இருக்க வேண்டும். 3509 என்பது சென்சார்களுக்கு இசிஎம் தரும் சப்ளை வோல்டேஜ். பழுது முழுவதும் அந்த ஓர் எண்ணுக்குள் இருந்தது.

வண்டியின் பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து 24 வோல்ட் கொடுத்தாலும், பிரஷர் சென்சார்களுக்குப் போவது 5 வோல்ட்தான். இசிஎம் அதைத் தனக்குள்ளே நிலைப்படுத்தி அனுப்புகிறது. சென்சாரில் மூன்று வயர்கள் இருக்கும்: 5 வோல்ட் வரும் வயர் ஒன்று, அது இசிஎம்முக்கே திரும்பும் எர்த் வயர் ஒன்று, அளவைச் சொல்லும் சிக்னல் வயர் ஒன்று. பிரஷர் எதுவும் இல்லாதபோது சிக்னலில் ஏறக்குறைய 0.5 வோல்ட் இருக்கும். சென்சார் அளக்கக்கூடிய முழு பிரஷரில் 4.5 வோல்ட் அளவில் இருக்கும். கீழே அரை வோல்ட்டும் மேலே அரை வோல்ட்டும் பயன்படுத்தாமல் விடப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த இடைவெளிதான் பழுது பார்ப்பவனுக்கு உதவுகிறது. எந்தப் பிரஷரும் சிக்னலை 0.1 வோல்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே போனால் வயர் எர்த்தில் இடிக்கிறது, அல்லது சப்ளை வரவில்லை என்று இசிஎம் முடிவு செய்து எஃப்.எம்.ஐ. 4 போடுகிறது. அதுபோலவே 4.9 வோல்ட்டுக்கு ஏறினால் எஃப்.எம்.ஐ. 3.

இந்த 5 வோல்ட்டைச் சென்சாருக்கு ஒன்றாகத் தனித்தனியே தருவதில்லை. ஒரே சப்ளை மூன்று நான்கு சென்சார்களுக்குப் பிரிந்து போகும். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்து ஒவ்வொரு வயலுக்கும் மடை வழியாகப் பிரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். கரை ஓரிடத்தில் உடைந்தால் அதற்கு அப்புறமுள்ள வயல்கள் எல்லாம் காயும். காய்ந்த வயலில் நின்றுகொண்டு மடைப் பலகையை மாற்றினால் தண்ணீர் வராது. சென்சாரில் நிலைமை இன்னும் மோசம். ஓரிடத்தில் சப்ளை வயர் எஞ்சின் உடம்பில் பட்டுவிட்டால், அதற்கு முன்னால் உள்ளவையும் சேர்ந்தே காய்ந்துவிடும். அதனால், சம்பந்தமில்லாத மூன்று நான்கு சென்சார்கள் ஒரே நிமிடத்தில் ஒரே எஃப்.எம்.ஐ.யோடு புகார் சொன்னால் அவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று சென்சார்கள் ஒரே நேரத்தில் சாவது நடக்காத காரியம்.

இந்த வண்டி நின்றுபோகாமல் இழுவை மட்டும் குறைந்ததற்கும் இதிலேயே விடை உண்டு. பீய்ச்சுவதற்கான டீசலைத் தேக்கிவைக்கும் ரெயில் என்ற குழாயின் பிரஷர் சென்சாருக்கு வேறொரு சப்ளை, அது கெடவில்லை. பூஸ்ட் எவ்வளவு என்று தெரியாமல் போனதால், காற்று எவ்வளவு வருகிறது என்று இசிஎம்முக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அது டீசலைக் குறைத்து எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆப்பரேட்டர்கள் இதை வண்டி அடங்கிவிட்டது என்பார்கள்.

மறுநாள் வோல்டேஜ் அளக்கும் மீட்டரோடு போனேன். போகும் வழியில் இருபுறமும் ரப்பர் மரங்களில் மழைக்காகப் பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருந்தார்கள். பால்வெட்டு அன்றும் நடக்கவில்லை. குவாரிக்குள் வண்டி ஓரமாக நின்றிருந்தது. சாவியைப் போட்டு, பூஸ்ட் சென்சாரின் கப்ளரில் சப்ளையை அளந்தேன்: 5.01 வோல்ட். எஞ்சினை ஓடவிட்டு அளந்தபோதும் அதே அளவு. முன்பு வந்தவரும் இதை அளந்திருக்கிறார். "சப்ளை ஓகே, சென்சார்தான் போச்சு" என்று அவர் சொன்னதாக ஆப்பரேட்டர் சொன்னார். அவர் அளந்ததில் தவறில்லை. பழுது இல்லாத நேரத்தில் அளந்திருக்கிறார், அவ்வளவுதான். வந்து வந்து போகும் பழுதை அது வந்திருக்கும் நேரத்தில் அளக்காவிட்டால், மீட்டர் நல்ல சேதியை மட்டுமே சொல்லும்.

மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதி பல மீட்டர்களில் இருக்கிறது. பட்டனை அழுத்திவிட்டால், இடையில் ஒரு கணம் வோல்டேஜ் விழுந்து எழுந்தாலும் விழுந்த அளவு திரையில் நிற்கும். கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்க ரப்பர் வழியாக மெல்லிய ஊசிமுனையை வயரோடு ஒட்டி உள்ளே நுழைத்து, அதிலிருந்து நான்கு மீட்டர் நீளமுள்ள வயரை இழுத்து கேபினுக்குள் மீட்டரை வைத்தேன். ஆப்பரேட்டரை வேலை செய்யச் சொல்லிவிட்டு அவர் இருக்கைக்குப் பின்னால் குறுகி நின்றேன். பதினைந்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெரிய கல்லின் அடியில் பக்கெட்டைக் கொடுத்து நெம்பியபோது எஞ்சின் சத்தம் அடங்கியது, மஞ்சள் விளக்கு எரிந்தது. மீட்டரில் பிடித்து வைத்திருந்த அளவு 0.22 வோல்ட்.

வாய்க்கால் உடைகிறது என்பது உறுதியாயிற்று. இனி எந்த இடத்தில் என்பதுதான். சென்சாருக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் சப்ளையை இழுத்துவிடுவதும் உண்டு. அதனால் அந்தச் சப்ளையில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறது என்று பார்ப்பது நேரான வழி. கழற்றியதற்காகவே ஒவ்வொரு சென்சாரும் ஒரு புதுக் கோடைப் போடும். அதைக் கண்டு பதற வேண்டாம், நாம் பார்க்க வேண்டியது சப்ளையை மட்டும். மூன்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஒரு கல்லை நெம்பச் சொன்னேன். மறுபடியும் விழுந்தது. அதோடு முப்பதாயிரம் ரூபாய்ச் சென்சார்கள் மூன்றும், அவற்றுக்கு முன்பிருந்த பழைய மூன்றும் குற்றமற்றவை ஆயின.

மிச்சம் இருப்பது வயரும் இசிஎம்மும். நெம்பும்போது மட்டும் வருகிறது என்பதே இடத்தைக் காட்டியது. முழுப் பளு ஏறும்போது எஞ்சின் தன் ரப்பர் மவுண்டின் மேல் ஒரு பக்கமாகச் சாயும். ஒரு விரற்கடைக்கும் குறைவுதான், ஆனால் வயருக்கு அது போதும். எஞ்சினோடு சேர்ந்து அசையும் ஹார்னஸ் என்ற வயர்க்கட்டு, அசையாத உடம்புக்குக் கடந்து போகும் இடத்தைத் தேடினேன். ஃப்ளைவீலை மூடியிருக்கும் கூட்டின் பின்புறம், கை மட்டும் நுழையக்கூடிய ஒரு சந்தில், ஹார்னஸைப் பிடித்திருந்த கிளாம்பின் ரப்பர் தூளாகிப் போயிருந்தது. வெறும் இரும்பு வளையத்துக்குள் ஹார்னஸ் ஆடியிருக்கிறது. அதன் மேலிருந்த நெளிகுழாய் தேய்ந்து, உள்ளே டேப் தேய்ந்து, ஒரே ஒரு வயரின் மேலுறையும் தேய்ந்து, கடுகளவு செம்பு வெளியே தெரிந்தது. கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தச் செம்பு புதுக்காசு போல மின்னியது. அதற்கு நேர் எதிரே பிராக்கெட்டின் விளிம்பிலும் பெயின்ட் போய், அதே அளவில் ஒரு மினுக்கம். இரண்டும் தினமும் தொட்டுத் தொட்டுப் பழகியிருக்கின்றன.

அந்த இடத்தில் ஒன்பது அங்குல வயரை வெட்டி எடுத்துப் புது வயர் வைத்தேன். இணைப்பில் ஈயம் வைப்பதா, உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி கிரிம்ப் செய்வதா என்று எங்கள் தொழிலில் ஓயாத சண்டை உண்டு. அதிரும் இடத்தில் நான் கிரிம்ப்தான் செய்வேன். ஈயம் வயருக்குள் ஏறிய இடம் கம்பி மாதிரி விறைத்துவிடும். விறைப்பு முடிந்து வயர் தொடங்கும் இடத்தில் அது ஒடியும். கிரிம்பின் மேல், உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டுச் சூடாக்கினால் பசை உருகி இரு முனையிலும் தண்ணீர் புகாமல் அடைத்துக்கொள்ளும். கறுப்பு டேப் சுற்றி வைத்தால் நம் ஊர் மழைக்கு இரண்டு மாதம் தாங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் புதுக் கிளாம்ப். அதைப் போடாமல் வயரை மட்டும் சரிசெய்திருந்தால் அடுத்த ஆனியில் மறுபடி என்னைக் கூப்பிட்டிருப்பார்.

இந்தப் பழுதில் கோடாவது வந்தது. கோடே வராத பழுது ஒன்றும் எனக்கு வாய்த்தது. கடலரிப்பைத் தடுக்க நம் மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு போடுகிறார்கள். டாரஸ் லாரிகளில் பாறை வரும்; எக்ஸ்கவேட்டர் அதை ஒவ்வொன்றாக எடுத்துக் கடலுக்குள் அடுக்கிக்கொண்டே போகும். அலை உடைந்து வரும் சாரலில்தான் வண்டியின் நாள் முழுவதும் கழியும். அப்படி ஒரு வண்டி ரேடியேட்டரில் ஆவி கக்குகிறது, ஆனால் வெப்ப முள் பாதியைத் தாண்டவில்லை என்று அழைத்தார்கள். தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார்கள், ரேடியேட்டரைக் கழுவியிருந்தார்கள், தண்ணீர்ப் பம்பையும் கழற்றிப் பார்த்திருந்தார்கள். விளக்கு எரியாததால் எலெக்ட்ரிக்கல்காரனை யாரும் நினைக்கவில்லை.

கூலண்ட் வெப்ப சென்சாருக்கு இரண்டே வயர்கள். உள்ளே இருப்பது சூடு ஏற ஏறத் தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். பல எஞ்சின்களில் பயன்படும் வகையில் 20 டிகிரியில் அதன் தடை 2500 ஓம் அளவிலும், 80 டிகிரியில் 300 ஓமுக்குச் சற்று மேலும் இருக்கும். இசிஎம் தனக்குள் ஒரு தடை வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, இரண்டுக்கும் நடுவில் உள்ள வோல்டேஜைப் பார்த்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. கப்ளரைக் கழற்றிவிட்டால் வோல்டேஜ் 5க்கு ஏறும். இசிஎம் படிக்கும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி வரும், எஃப்.எம்.ஐ. 3 வரும். கழற்றிய கப்ளரின் இரண்டு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் வோல்டேஜ் பூச்சியத்துக்கு இறங்கும். நம்ப முடியாத சூட்டைக் காட்டி எஃப்.எம்.ஐ. 4 வரும். இரண்டு வயர் சென்சாருக்கு இதைவிட எளிய சோதனை இல்லை. கழற்றினால் 3, இணைத்தால் 4 என்று கோடு மாறினால் வயர் அறுபடவும் இல்லை, ஷார்ட் ஆகவும் இல்லை, இசிஎம்மும் விழித்திருக்கிறது என்று பொருள்; பிறகு சென்சாரைச் சந்தேகிக்கலாம். மூன்று வயர் பிரஷர் சென்சாரில் மட்டும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இணைக்கக் கூடாது. எது சப்ளை, எது சிக்னல் என்று வயரிங் படத்தில் பார்த்துத்தான் தொட வேண்டும்.

தூண்டில் வளைவு வண்டி இந்தச் சோதனையில் தேறியது. 3 வந்தது, 4 வந்தது. சென்சாரைக் கழற்றி வெந்நீரில் வைத்து அளந்தேன், அதுவும் தேறியது. அன்று மாலை விடை தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விடியற்காலையில், இரவு முழுவதும் நின்று குளிர்ந்திருந்த வண்டியில் எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு எல்லா வெப்ப அளவுகளையும் ஸ்கேனரில் பார்த்தேன். உள்ளே வரும் காற்று 28, டீசல் 27, ஹைட்ராலிக் ஆயில் 28. கூலண்ட் மட்டும் 20. ஆனி, ஆடியில் நம் கடற்கரையில் விடியற்காலை 20 டிகிரி இராது. இந்த ஒரு பழக்கத்துக்குச் செலவு எதுவும் இல்லை, இரண்டு நிமிடம் போதும். ஆறிய வண்டியில் எல்லா வெப்ப சென்சார்களும் ஏறக்குறைய ஒரே அளவைச் சொல்ல வேண்டும், விலகி நிற்பது எதுவோ அதைப் பிடிக்க வேண்டும்.

எட்டு டிகிரி பிழை சிறிதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் பெரிது. வயரில் எங்கோ 600 ஓம் அளவுக்குக் கூடுதல் தடை சேர்ந்திருக்கிறது. காலையில் சென்சாரின் தடையே 1900 ஓம் அளவில் இருப்பதால் 600 சேர்ந்தது கண்ணை உறுத்தவில்லை. எஞ்சின் 85 டிகிரிக்கு வந்த பிறகு சென்சாரின் தடை 280 ஓம். அதோடு 600 சேர்ந்தால் 880. இசிஎம்முக்கு அது 50 டிகிரி. இந்த வண்டியின் விசிறி பெல்ட்டில் ஓடுவதில்லை; கூலண்ட் வெப்பத்தைப் பார்த்து இசிஎம் சொல்லும் வேகத்தில் ஹைட்ராலிக்கில் ஓடுகிறது. எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நம்பிக்கொண்டு அது விசிறியை மெதுவாகவே ஓட்டியிருக்கிறது. 50 டிகிரி என்பது இயல்பான அளவு என்பதால் கோடும் வரவில்லை.

கப்ளர்கள் மாட்டியிருக்கும்போதே, சென்சாரின் எர்த் வயருக்கும் இசிஎம்மின் எர்த்துக்கும் நடுவில் அளந்தேன். சில மில்லி வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. அந்த வயரை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டே வந்தபோது, கப்ளரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் அது உப்பியும் மெத்தென்றும் இருந்தது. மேலுறையைக் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, பாசி நிறத்தில் ஒரு பொடி இருந்தது. இருபுறமும் வெட்டிக்கொண்டே போனால் பச்சை கறுப்பாயிற்று, கறுப்பு பழுப்பாயிற்று. நல்ல செம்பு தெரிய ஒரு முழம் வெட்ட வேண்டியிருந்தது. கடலின் உப்புத்தண்ணீர் வயருக்குள் திரி ஏறுவதுபோல ஏறியிருக்கிறது. அது எப்படி உள்ளே போனது என்று மேலுறையைத் திருப்பிப் பார்த்தபோது, நடுவில் ஒரு குண்டூசித் துளை. எப்போதோ, எதற்காகவோ, யாரோ ஒருவர் வோல்டேஜ் பார்க்க வயரைக் குத்தியிருக்கிறார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வராது. தொழில் பழகிய காலத்தில் நானும் அப்படித்தான் குத்தினேன். நாகர்கோவிலில் எனக்கு ஆசானாக இருந்தவர் கூரான முனையுள்ள டெஸ்ட் லைட்டை வைத்துக்கொண்டே லாரி வயரிங் முழுவதையும் சரிசெய்வார்; அந்தக் காலத்து வண்டிகளுக்கு அது போதுமானதாக இருந்தது, அவருடைய கையும் அப்படிப்பட்டது. ஆனால் சென்சார் வயரில் ஓடுவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர். அதில் பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை மாட்டினால் அளவு பொய்யாகும், இசிஎம்மின் உள்பகுதி எரிந்தும் போகலாம். கப்ளரின் முன்பக்கத் துளையில் மீட்டர் முனையைத் திணிப்பதும் அதே பாவம்தான். பெண் பின் அகன்றுவிடும். பிறகு மாட்டினால் மாட்டியது போலத் தெரியும், ஆனால் பிடிப்பு இருக்காது. பழைய கப்ளரிலிருந்து எடுத்த ஓர் ஆண் பின்னைத் துளையில் விட்டு இழுத்துப் பார்ப்பேன். மெல்லிய இழுவை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின்னை மாற்றாமல் வேறு எதையும் மாற்றிப் பயனில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, நேர்எதிரான ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். அது என் தவறு. தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், ஒரு லோடரில் ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறது என்று வந்தார்கள். எஸ்.பி.என். 100, எஃப்.எம்.ஐ. 1. அப்போது எனக்கு எஃப்.எம்.ஐ. எண்களில் பெரிய கவனம் இல்லை. ஆயில் அளவு சரியாக இருந்தது, எஞ்சின் சத்தமும் சரியாகத் தோன்றியது. சென்சாரை மாற்றிக் கோடை அழித்து அனுப்பினேன். விளக்கு மறுபடி எரிந்தபோது, கடையில் கொடுத்த சென்சார் மட்டமானது என்று நானே சொன்னேன். மூன்றாம் நாள் பிக் எண்ட் பேரிங் உருகிக் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டது. எஃப்.எம்.ஐ. 0, 1, 15 முதல் 18 வரை உள்ளவை, சென்சாரும் வயரும் நன்றாக இருக்கின்றன, அளவுதான் மீறியிருக்கிறது என்று சொல்லும் எண்கள். 1 என்றால் ஆபத்தான அளவுக்குக் குறைவு. அந்த லோடர் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான்தான் சென்சார் பொய் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். உரிமையாளர் என்னிடம் சண்டை போடவில்லை, அதன்பிறகு வரவுமில்லை. சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில் மாட்டி முள்ளில் பார்க்கக்கூடிய பிரஷர் கேஜ் ஒன்றை அந்த வாரமே வாங்கினேன். ஆயில் பிரஷர் கோடு எதுவாக இருந்தாலும் அதை மாட்டாமல் முடிவு சொல்வதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் ஒரு வாரம் நின்ற வண்டியில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கோடுகள் வந்தால் முதலில் எலியைத் தேடுங்கள். ரப்பர் தோட்டத்தை ஒட்டி நிறுத்தும் வண்டிகளில் இது சாதாரணம். எஞ்சின் மேல் வாட்டர் சர்வீஸ் குழாயை நேராக அடித்தால் அடுத்த நாள் ஒரு கப்ளராவது தண்ணீர் குடித்திருக்கும். பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியையும் இசிஎம் கப்ளரையும் கழற்ற வேண்டும், வெல்டிங் எர்த்தை வெல்டு வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். குவாரிகளில் இதைப் பின்பற்றுபவர்களை விரல்விட்டு எண்ணலாம். 2021 ஏப்ரலில் சக்கரமுள்ள கட்டுமான இயந்திரங்களுக்கு நான்காம் கட்ட மாசு விதி வந்த பிறகு சைலன்சர் பக்கமும் சென்சார்கள் சேர்ந்துவிட்டன. அவற்றில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் நாக்ஸ் சென்சார் போன்றவை வோல்டேஜில் பேசுவதில்லை, கேன் என்ற இரட்டை வயரில் இசிஎம்மோடு நேராகப் பேசுகின்றன. அங்கே பேச்சு நின்றுவிட்டதாகக் கோடு வந்தால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு ஸ்கேனரை மாட்டும் ஒன்பது பின் சாக்கெட்டில் சி, டி என்ற இரண்டு பின்களுக்கு நடுவில் ஓம் அளந்து பாருங்கள். இருமுனையிலும் உள்ள 120 ஓம் தடைகள் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது, பூச்சியத்தை ஒட்டி இருந்தால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டியிருக்கின்றன.

குவாரிக்காரரின் கணக்கை அன்று மாலையே முடித்தோம். என்ன மாற்றினாய் என்று கேட்டார். ஒன்பது அங்குல வயரும் ஒரு கிளாம்பும் என்றேன். நாள்கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தார், ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. முப்பதாயிரத்தை நினைத்துக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. கழற்றிய பழைய சென்சார்கள் மூன்றையும் அளந்து, நன்றாக இருக்கின்றன என்று ஒரு காகிதத்தில் எழுதி, அவற்றோடு சேர்த்து அவருடைய டூல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஆப்பரேட்டர் இப்போது விளக்கு எரிந்தால் எதையும் அழிப்பதில்லை. படம் எடுத்து அனுப்பிவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார். நேற்றுக் காலையில் வந்த படத்தில் எஸ்.பி.என். 97, எஃப்.எம்.ஐ. 15 இருந்தது. டீசலில் தண்ணீர். மீட்டரை எடுத்துக்கொண்டு வருகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம், ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து ஒரு பாத்திரத்தில் பிடியுங்கள் என்றேன். கால் மணி நேரத்தில் இன்னொரு படம் வந்தது. பழைய சாம்பார் டப்பா ஒன்றில் பாதி வரை கலங்கல் தண்ணீர், அதன் மேல் டீசல் மிதந்துகொண்டிருந்தது.